‘பழக்கம் ஏதும் உண்டா?’ – நோயாளியிடம் குடியைப் பற்றிக் கேட்க எந்த வழி நல்லது

கேஸ் ஷீட்டில் நான் எழுதிய ஒரு வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது: ‘பழக்கங்கள் – இல்லை’. படிப்பு முடிந்து ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. குடலிறக்க ஆபரேஷனுக்காக 48 வயதுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். கட்டிலைச் சுற்றி மனைவி, மைத்துனர், கல்லூரிக்குப் போகும் மகள். “கெட்ட பழக்கம் ஏதும் உண்டாண்ணே?” என்று கேட்டேன். மகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “அதெல்லாம் கிடையாதும்மா” என்றார். எழுதிக்கொண்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். மனைவியை யாரென்று தெரியவில்லை. தையல் போட்ட இடத்தைப் பிய்க்கப் போனவரை நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. தினமும் ஒரு ஆஃப் குடித்துவந்த உடம்புக்கு மூன்று நாள் ஒரு சொட்டும் கிடைக்காமல் போனதன் விளைவு அது. பிழைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்ற மகள் எதிரில், ‘கெட்ட’ என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்?

இப்போது ஒரு சின்ன ஊரில் கிளினிக் நடத்துகிறேன். இரண்டு டாக்டர்கள், மூன்று நர்சுகள். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், முதுகுவலி என்று நாளுக்கு 80, 90 பேர் வருவார்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் பெரிது. போன வருடம் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து, குடியைப் பற்றி இனி எப்படிக் கேட்பது என்று பேசினோம். பிறகு பல வழிகளை மாற்றி மாற்றி நடைமுறையில் பார்த்தோம். எது எங்களுக்குக் கைகொடுத்தது, எது சரிப்படவில்லை, ஏன் என்பதை எழுதுகிறேன். இதேபோன்ற இடங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்சுகளும் தங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் குடிக்கிறார். டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேர் மறுவாழ்வு மையத்தின் வாசலை மிதிக்கப்போவதில்லை. ஆனால் பிரஷர் மாத்திரைக்கு வருகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு வருகிறார்கள். பைக்கிலிருந்து விழுந்து தையல் போட வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும் ஒரே ஆள் அநேகமாக நாம்தான்.

சந்தேகம் வந்தால் கேட்பது

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். வாடை வந்தால் கேட்பது, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தால் கேட்பது. நேரம் மிச்சம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் நமக்கு யார் மேல் சந்தேகம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். கைலி கட்டிக்கொண்டு, சித்தாள் வேலையோ கொத்து வேலையோ முடித்து, கண் சிவந்து வருபவர் மேல் வருகிறது. சட்டையை இன் பண்ணிக்கொண்டு வரும் அலுவலர் மேல் வருவதில்லை. எங்கள் பழைய சீட்டுகளைப் புரட்டியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. குடி பற்றிய குறிப்பு இருந்தவை பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்களுடையவை. மற்றவர்களை நாங்கள் கேட்கவே இல்லை. இன்னொன்று, வாடையும் ஈரல் வீக்கமும் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். சனிக்கிழமை மட்டும் உட்கார்ந்து ஒரு ஆஃப் முடிப்பவருக்கு ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கலாம். அவர்தான் அன்றைக்கு ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்.

இந்த வழியை நாங்கள் முதலிலேயே கைவிட்டோம். 18 வயதைத் தாண்டிய எல்லாரிடமும் கேட்பது என்று முடிவானது. அதன்பிறகு, எதை வைத்துக் கேட்பது என்ற கேள்வி வந்தது.

கேள்வித்தாள்கள்

முதலில் கேஜ். அமெரிக்க மருத்துவர் ஜான் யூவிங் உருவாக்கி 1984ல் வெளியிட்ட நான்கு கேள்விகள். குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா, பிறர் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா, குற்றவுணர்ச்சி வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா. இரண்டுக்கு ஆமாம் என்றால் கவனிக்க வேண்டும். மனப்பாடமாக வைத்துக்கொள்ள எளிது, அதனால் கல்லூரியில் எங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இது சரியாக வேலை செய்யவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை கல்யாண வீட்டில் குடிப்பவருக்கும் இங்கே குற்றவுணர்ச்சி இருக்கிறது, அவரையும் வீட்டில் திட்டத்தான் செய்கிறார்கள். அவர் இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். சனிக்கிழமைக்காரர் “எனக்கு என்னம்மா குற்றவுணர்ச்சி, சம்பாதிக்கிறேன் குடிக்கிறேன்” என்று பூஜ்யம் வாங்கிவிட்டுப் போகிறார். எவ்வளவு குடிக்கிறார் என்று இந்த நான்கில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. நான்காவது கேள்வியை மட்டும் நாங்கள் விடவில்லை. காலையில் வேண்டியிருக்கிறது என்பவரை அன்றைக்கே தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும்.

அடுத்து ஆடிட். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கியது. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 முதல் 15 வரை வந்தால் அறிவுரை, 16 முதல் 19 வரை என்றால் ஆலோசனையும் தொடர் கவனிப்பும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இதுதான் முழுமையானது. ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டக்கூடியதும் இதுதான். ஆனால் காத்திருக்கும் இடத்தில் தாளைக் கையில் கொடுத்தால் பாதிப் பேர் பக்கத்திலிருப்பவர் பார்க்கிறாரே என்று வெறுமனே மடித்து வைத்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு நர்ஸ் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு ஐந்தாறு நிமிடம் போகிறது. 90 பேருக்கும் இது முடியாது. இரண்டு வாரத்தில் நிறுத்தினோம்.

ஆடிட்டின் முதல் மூன்று கேள்விகளை மட்டும் தனியாக எடுத்தால் அது ஆடிட்-சி. எத்தனை நாளுக்கு ஒருமுறை, குடிக்கும் நாளில் எவ்வளவு, ஒரே வேளையில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் போவது எத்தனை தடவை. மொத்தம் 12 மதிப்பெண். பொதுவாக ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தால் மேற்கொண்டு பேச வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைவிடச் சுருக்கமாக அமெரிக்காவில் ஒற்றைக் கேள்வி ஒன்றும் உண்டு: கடந்த ஒரு வருடத்தில் ஒரே நாளில் ஐந்து டிரிங்க் (பெண்கள் என்றால் நான்கு) அல்லது அதற்கு மேல் குடித்தது எத்தனை தடவை? ஒருமுறை என்றாலே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டில் ஒன்றுதான் எங்களுக்குச் சரிப்படும் என்று தெரிந்துபோனது. ஆனால் இரண்டிலும் ஒரே முட்டுக்கட்டை.

‘ஒரு டிரிங்க்’ என்றால் எவ்வளவு?

“எத்தனை டிரிங்க் சாப்பிடுவீங்க?” என்று எங்கள் நர்ஸ் கேட்டதற்கு ஒருவர் “ஒண்ணுதான்” என்றார். ஒன்று என்றால் என்ன என்று விசாரித்தால், ஒரு குவார்ட்டர். அவர் பொய் சொல்லவில்லை. கடையில் அவர் வாங்குவது ஒன்று, குடிப்பதும் ஒன்று. புத்தகத்தில் உள்ள டிரிங்க் நம் ஊரில் யார் கையிலும் இல்லாத ஒரு அளவு. அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 8 கிராம் ஆல்கஹால், ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். ஆடிட் கணக்குப் போடுவது 10 கிராமில்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து நம் ஊர் அளவுக்குக் கணக்குப் போட்டேன். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் அது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். அதாவது ஆறு டிரிங்க். ஆடிட்டின் மூன்றாவது கேள்வி எந்த அளவைக் கேட்கிறதோ, சொல்லி வைத்தாற்போல நம் குவார்ட்டர் அதே இடத்தில் வந்து நிற்கிறது. எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. இத்தனை நாளாக ஒரு குவார்ட்டரை ‘கொஞ்சமாகக் குடிப்பவர்’ என்று நானே தலையாட்டி அனுப்பியிருக்கிறேன்.

மற்றவையும் அப்படித்தான். இரண்டு பேர் பங்கு போடும் கட்டிங், 90 மில்லி, 30 கிராம். ஆஃப் என்பது 375 மில்லி, 127 கிராம், கிட்டத்தட்ட 13 டிரிங்க். 650 மில்லி பீர் 5 சதவீதமாக இருந்தால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 41 கிராம். “நான் சரக்கெல்லாம் தொடுறதில்லை, பீர்தான்” என்பவர் இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறார்.

அதனால் கேள்வியை மாற்றினோம். “இந்த ஒரு வருஷத்துல, ஒரே நாள்ல ஒரு குவார்ட்டரோ அதுக்கு மேலயோ, இல்லை ரெண்டு பீரோ, எத்தனை தடவை சாப்பிட்டிருப்பீங்க?” இப்படிக் கேட்ட நாளிலிருந்து பதில் தெளிவாக வருகிறது. ‘மாசம் ரெண்டு தடவை’, ‘தீபாவளி, பொங்கல்’, ‘வாரம் நாலு’. பெண்களுக்கும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் குவார்ட்டருக்குப் பதில் கட்டிங் என்று வைத்துக்கொண்டோம். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் தீர்மானம். வயதானவர் உடம்பு அதே அளவை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது, கூடவே நான்கைந்து மாத்திரையும் சாப்பிடுகிறார்.

கேட்கும் வார்த்தை

கணக்கு சரியானாலும் வாயில் வரும் முதல் சொல் தப்பானால் எல்லாம் போச்சு. நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தோம். ‘கெட்ட பழக்கம் உண்டா?’ என்பதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ‘குடிப்பீங்களா?’ என்று நேராகக் கேட்டால், கேட்கிறவர் மனதில் குடிகாரன் என்ற சொல் இருப்பதாகவே அவர் காதில் விழுகிறது. ‘தண்ணி போடுவீங்களா?’ என்பது நண்பர்களுக்குள் சரி, நர்ஸ் வாயில் கேலியாகிவிடுகிறது. ‘ட்ரிங்ஸ் எடுத்துக்குவீங்களா?’ என்பது படித்தவர்களிடம் மட்டும் எடுபட்டது.

கடைசியில் இப்படி முடிவானது: “இது எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். மாத்திரை எழுதுறதுக்காகத் தெரிஞ்சுக்கணும். பிராந்தி, பீர் மாதிரி ஏதாவது கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?” ‘உண்டா’ என்று கேட்காமல் ‘எப்போ’ என்று கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. குடிக்கிறவர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, நாளைச் சொன்னால் போதும். ‘முந்தாநாள்’ என்று சாதாரணமாக வருகிறது. குடிக்காதவர்களின் மனம் கோணும் என்று நர்சுகள் பயந்தார்கள். தொழுகை தவறாத பெரியவர் ஒருவர், “வாழ்நாள்ல தொட்டதில்லைம்மா” என்று சிரித்தார், அவ்வளவுதான். எல்லாரிடமும் கேட்கிறோம் என்ற அந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டால் மட்டும்தான் வம்பு.

‘மாத்திரைக்காக’ என்பது சாக்கு இல்லை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். பேச்சுக் குழறி, தள்ளாடி, ரோட்டோரம் விழுவார். வாடையும் இருப்பதால், போதையில் கிடக்கிறான் என்று ஊர் தாண்டிப் போகும். காசநோய் மாத்திரையோடு குடித்தால் ஈரலுக்கு ஆபத்து. வயிற்றுப்போக்குக்குச் சர்வசாதாரணமாக எழுதும் மெட்ரோனிடசோலோடு குடித்தால் வாந்தி, படபடப்பு வரலாம் என்று எச்சரிக்கிறோம். இதையெல்லாம் சொல்லிக் கேட்டால் டாக்டர் துப்பறிகிறார் என்ற எண்ணம் வருவதில்லை.

‘எப்பவாவதுதான்’, ‘கம்பெனிக்கு’, ‘உடம்பு அசதிக்கு’ என்ற மூன்றும் எங்களுக்கு அடிக்கடி வரும் பதில்கள். மூன்றையும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “சரிண்ணே, போன வாரம் எத்தனை நாள் அசதியா இருந்துச்சு?” என்று தொடர வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு ராத்திரி உடம்பு நிஜமாகவே வலிக்கிறது. அந்த வலிக்கு நாம் ஒன்றும் செய்யாமல் குடியை மட்டும் குறை சொன்னால் அவர் ஏன் கேட்க வேண்டும்?

யார் கேட்பது, எங்கே கேட்பது

டாக்டர் கேட்டால் மதிப்பு உண்டு, ஆனால் நேரம் இல்லை. பதிவு மேசையில் கேட்டால் பின்னால் வரிசை நிற்கிறது. நான் பெண் என்பதால் சில ஆண்கள் என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கூட இருக்கும் டாக்டரிடம் சொன்னார்கள். வேறு சிலர் அவரிடம் மறைத்து, வயதான எங்கள் தலைமை நர்ஸிடம் “அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்றார்கள். ஆளைப் பொறுத்த விஷயம் இது, சட்டம் போட முடியாது.

இடத்தைப் பொறுத்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரஷர் பார்க்கும் மேசையை ஒரு திரைக்குப் பின்னால் நகர்த்தினோம். அங்கே ஒரே ஒரு முக்காலி. கூட வந்தவர் உட்கார இடமே இல்லாததால் வெளியே நிற்கிறார். அதைத் தவிர வேறு ஒரு செலவும் செய்யவில்லை. எந்தக் கேள்வித்தாள் என்று மாதக்கணக்கில் விவாதித்த எங்களுக்கு, பதில் மாறியதற்குப் பெரிய காரணம் அந்த முக்காலிதான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டிலேயே போய்க் கேட்டால் என்ன? 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாதாமாதம் பார்க்கிறார்கள், கிளினிக்குக்கே வராதவரையும் பார்க்கிறார்கள். ஆனால் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். அவரிடம் சொன்னது நாளைக்குக் குழாயடிக்குப் போய்விடுமோ என்ற பயம் ஆண்களுக்கு இருக்கும். திண்ணையில் அம்மா உட்கார்ந்திருப்பார். அதனால் அளவு கேட்கும் வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ‘மாத்திரை சாப்பிடுற நாள்ல குடிச்சா தலைசுத்தும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க’ என்ற ஒரு வரியை எல்லா வீட்டிலும் சொன்னால் போதும்.

மனைவி தனியாக வந்து சொல்வதும் ஒரு வழிதான், அதைத் தட்டிவிடக் கூடாது. “அவரு தினமும் குடிக்கிறாரு, நான் சொன்னதாச் சொல்லிடாதீங்க டாக்டரம்மா” என்பார்கள். நான் சொல்வதில்லை. எல்லாரிடமும் கேட்பதால் அவரிடமும் கேட்டது போலவே இருக்கும், காட்டிக்கொடுத்ததாக ஆகாது. அடுத்து அநேகமாக வரும் வேண்டுகோள்: “அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்க ஒரு மருந்து குடுங்க.” இதற்கு ஒருநாளும் சம்மதிக்கக் கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அந்த அம்மாவைத் திட்டாமல், அவருக்கு வீட்டில் அடி உதை இருக்கிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா என்று கேட்பதுதான் அப்போது செய்ய வேண்டியது.

கேட்ட பிறகு என்ன செய்வது

திட்டுவது நம் ஊரில் பழைய வழி. “இப்படியே குடிச்சா ஆறு மாசம்தான்” என்று நானும் சொல்லியிருக்கிறேன். ‘டாக்டர் நல்லாத் திட்டுவாங்க’ என்று அதைப் பாராட்டாகச் சொல்லும் நோயாளிகளும் உண்டு. ஆனால் திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் வேறு கிளினிக் போய்விடுகிறார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1993ல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த நபர் ஒரு வருடம் கழித்துக் கூடுதலாகக் குடித்தார். அதைப் படித்த பிறகு நான் குரலை உயர்த்துவதில்லை.

அப்படியென்றால் துண்டுச் சீட்டா, ஐந்து நிமிடப் பேச்சா, பல நாள் ஆலோசனையா? இங்கிலாந்தில் 2013ல் வெளியான ஒரு ஆய்வில், பரிசோதனை முடிவைச் சொல்லித் துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்தவர்கள், அதோடு ஐந்து நிமிட அறிவுரையும் கேட்டவர்கள், மேலும் 20 நிமிட ஆலோசனையும் பெற்றவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து மூன்று கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2018ல் காக்ரேன் அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, டாக்டரின் சுருக்கமான பேச்சைக் கேட்டவர்கள் ஒரு வருடம் கழித்து, கேட்காதவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 20 கிராம் குறைவாகக் குடித்தார்கள். நம் கணக்கில் அது ஒரு கட்டிங்கைவிடக் குறைவு. சின்ன அளவுதான், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்ச நேரப் பேச்சுக்குக் கிடைப்பது அது. பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் எனக்கு அது போதும்.

நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல சேதி உண்டு. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, டாக்டரோ உளவியலாளரோ அல்லாத சாதாரண ஆட்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை வந்த ஆண்களோடு அதிகபட்சம் நான்கு அமர்வு பேச வைத்தது. 2017ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 26 சதவீதம். எங்கள் தலைமை நர்ஸ் இதைக் கேட்டதும், “அப்போ நானே பேசலாமே” என்றார். இப்போது செவ்வாய், வெள்ளி மாலையில் அவர்தான் பேசுகிறார்.

ஆக, நாங்கள் செய்வது இது. குவார்ட்டரைத் தொடாதவருக்கு, அந்தந்த மாத்திரைக்கான எச்சரிக்கை மட்டும். தொட்டவருக்கு நர்ஸ் ஆடிட்டின் பத்துக் கேள்வியையும் வாசித்துக் கேட்பார், இப்போது அது ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருக்குத்தான் தேவைப்படுகிறது. நடுப்படியில் இருப்பவரிடம் நான், “இதைக் குறைக்கணும்னு உங்களுக்கே எப்பவாவது தோணியிருக்கா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். அந்த அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குக் கடினம்.

நம் ஊருக்கென்றே இன்னொரு கேள்வி இருக்கிறது: “எப்பவாவது மாலை போட்டிருக்கீங்களா?” சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்தவர், கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் நிறுத்தியவர் என்று எத்தனையோ பேர். “அப்போ எப்படி முடிஞ்சது? தூக்கம் எப்படி வந்துச்சு?” என்று கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். தன்னால் முடிந்த ஒரு காலம் அவர் நினைவுக்கு வருகிறது. கூடவே, முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கியதா, வலிப்பு வந்ததா என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதைத் தெரிந்துகொள்ளாமல் “இன்னியோட நிறுத்திடுங்க” என்று சொல்வது, எல்லா வழியிலும் மோசமானது. தினமும் ஆஃப் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் என் பழைய நோயாளிக்கு வந்ததுபோலப் பிதற்றலும் நடுக்கமும் வரலாம். கார்த்திகை முதல் வாரத்தில் கழுத்தில் மாலையோடு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் குடிப்பவர், நடுக்கம் வருபவர், முன்பு வலிப்பு வந்தவர் ஆகியோரை மருந்தோடு, வைட்டமின் பி1 ஊசியோடு, ஆள் பார்த்துக்கொள்ளும் இடத்தில்தான் நிறுத்த வைக்க வேண்டும். அவர்களை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறோம். தூரம் போக முடியாதவர்களுக்கும் குடும்பத்துக்கும் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் சீட்டில் எழுதித் தருகிறோம். ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்கும் மருத்துவமனைகள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. கடைசியாக எப்போது, காலையில் வேண்டுமா, நிறுத்தினால் நடுங்குமா என்ற மூன்றையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

சீட்டில் எழுதுவது

சொல்லத் தயங்குவதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. ‘குடியால் வந்தது’ என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வார்த்தை விழுந்தால் காப்பீட்டுப் பணம் வராது என்று பயப்படுகிறார்கள். தனியார் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் அப்படி ஒரு விலக்கு இருப்பதும் உண்மை. இதற்காகப் பொய் எழுத என்னால் முடியாது. எழுதாமல் விட்டால் அடுத்து பார்க்கும் டாக்டர் இருட்டில் இருப்பார். அதனால் ‘குடிகாரர்’ மாதிரி முத்திரை எதுவும் எழுதாமல், கேட்ட அளவை மட்டும் எழுதுகிறோம்: ‘வாரம் 3 நாள், 180 மில்லி’. குடி காரணம் என்று உறுதியாகத் தெரியாத நோய்க்கு அதைக் காரணமாக எழுதுவதில்லை. என்ன எழுதுகிறேன் என்பதை அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன்.

‘பழக்கங்கள்’ என்ற வரியை எங்கள் சீட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ‘கடைசியாக: ____ அளவு: ____’ என்று அச்சிட்டிருக்கிறோம்.

பிரஷருக்கு மாதாமாதம் வரும் லாரி டிரைவர் ஒருவர், கேட்ட ஒவ்வொரு முறையும் “அந்தப் பக்கமே போறதில்லைங்க” என்று சொல்லிவந்தார். நர்ஸ் கோடு போட்டு விட்டுவிடுவார். போன மாதம் கூட்டம் அதிகம், நர்ஸ் அவசரத்தில் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார். அவர் முக்காலியை விட்டு எழவில்லை. “இன்னிக்கு அதைக் கேக்கலையேக்கா” என்றாராம். கேட்டதும் சொன்னார்: தினமும் ராத்திரி ஒரு கட்டிங், வண்டி எடுக்காத நாளில் ஒரு குவார்ட்டர், எட்டு வருடமாக.